காப்பியா, களியா, மாம்பழமா, பூவா? தினப்படி பத்து நிமிட ரசனைக்கு எது தோதுப்படும்

தினமும் பத்து நிமிடம் ஏதாவது ஒன்றை ஆற அமர ரசித்துப் பழகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது தங்களுக்கு ரொம்பப் பிடித்ததைத்தான். காப்பிப் பிரியர் காப்பியை எடுப்பார், மாம்பழப் பைத்தியம் மாம்பழத்தை எடுக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரொம்பப் பிடித்த பொருளில்தான் கவனம் சீக்கிரம் கழன்றுகொள்ளும். பழகிய ருசி, பழகிய வேகம். நாக்கு தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்க, சும்மா இருக்கும் கை செல்போனைத் தேடிப் போய்விடும். அதனால் எது எவ்வளவு பிடிக்கும் என்று பார்ப்பதைவிட, எது இரண்டு கைகளையும் கட்டிப்போடும் என்று பார்ப்பது மேல். இந்தக் கட்டுரையில் அதுதான் முதல் அளவுகோல். வருஷம் முழுக்கக் கிடைக்குமா, தானாக ஒரு இடத்தில் முடியுமா என்பவை அடுத்தவை.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஐந்து இருக்கின்றன: காலைக் காப்பி, ராகிக் களி, சீசன் மாம்பழம், காவேரிப்பட்டணம் நிப்பட்டு (தட்டை), குண்டுமல்லி. ஒகேனக்கல் குளியலும் எண்ணெய் மசாஜும் சுகம்தான், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கரைச் சாயங்காலமும் அப்படித்தான். ஆனால் பஸ் ஏறிப் போய் அனுபவிக்க வேண்டியது தினப்படிக் கணக்கில் சேராது.

மூக்கு சலிக்கும், நாக்கும் சலிக்கும்

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உடம்பின் சில குணங்கள் குறுக்கே வரும். மூக்கு ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களில் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். வாசனை போகவில்லை, மூக்குக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். வெளிக்காற்றில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தால் திரும்பத் தெரியும். களி கிளறியவருக்கு அந்தக் களி சப்பென்று இருப்பதற்கும், பந்திக்கு வந்தவர் ‘ஆகா’ என்பதற்கும் இது ஒரு காரணம். சமைத்தவர் சாப்பிட உட்காருமுன் இரண்டு மூன்று நிமிடம் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வரட்டும். செலவில்லாத வழி.

‘ருசி’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. சோதித்துப் பார்க்க ஒரு துண்டு மாம்பழம் போதும். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துண்டை வாயில் போட்டு மெல்லுங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் தெரியும், அது மாம்பழம் என்பது சரியாகப் பிடிபடாது. மென்றபடியே மூக்கை விட்டதும் தொண்டைக்குப் பின்வழியாக மணம் ஏறி, ஒரு நொடியில் மாம்பழம் வந்து நிற்கும். ஒவ்வொரு வாய்க்கும் விழுங்கியவுடன் மூக்கு வழியாக ஒரு மூச்சு மெதுவாக விட்டுப் பழகினால், அதே சாப்பாட்டில் இரண்டு மடங்கு சங்கதி கிடைக்கும்.

அடுத்தது, ஒரே பதார்த்தத்தின் சுகம் முதல் சில வாயில்தான் உச்சம். வயிறு நிறைவதற்கு முன்பே நாக்குக்கு அது போதும் என்றாகிவிடும். எனவே சாப்பாடு முழுவதையும் கவனத்தோடு சாப்பிடுவேன் என்று சபதம் எடுப்பது வீண் வேலை. முதல் மூன்று வாயை முழுக் கவனத்தோடு எடுத்துக்கொண்டு, மீதியை வழக்கம்போல் பேசிச் சிரித்துச் சாப்பிடலாம்.

காப்பி: ஒரு கை சும்மா இருக்கும் பிரச்சினை

காப்பியின் பலம் அது தினமும் நேரம் தவறாமல் வருவது. பலவீனமும் அதுவே. கோப்பையில் குடித்தால் ஒரு கை காலி, அங்கே செல்போன் வந்து உட்காரும். இந்த ஒரே காரணத்துக்காகக் கோப்பையை ஒதுக்கிவிட்டு டபரா டம்ளருக்கு வாருங்கள். ஆற்றுவதற்கு இரண்டு கையும் வேண்டும், கண்ணும் வேண்டும். காப்பியின் மணம் மிக வேகமாகக் காற்றில் ஏறுவது ஊற்றி ஆற்றும் அந்த அரை நிமிடத்தில்தான். பெரும்பாலோர் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரிடமோ பேசுவார்கள். பணம் கொடுத்து வாங்கிய பொடியில் பாதி அப்போதே போய்விட்டது.

ஆற்றுவதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. அடுப்பிலிருந்து இறக்கிய பாலில் கலந்த காப்பி பெரும்பாலும் அந்தச் சூட்டுக்கு மேலேதான் இருக்கும். நான்கைந்து முறை ஆற்றி, டம்ளரின் விளிம்பைக் கை பதறாமல் பிடிக்க முடிகிற அளவுக்கு வந்தால் சரி. சூடு கொஞ்சம் தணிந்தால் இனிப்பும் கூடுதலாகத் தெரியும், சர்க்கரையைக் கால் கரண்டி குறைக்கலாம்.

டிகாக்‌ஷன் சரியில்லை என்றால் ரசிக்க ஒன்றும் இருக்காது. ஒருவருக்கு ஃபில்டரின் மேல்தட்டில் குவியலாக மூன்று டீஸ்பூன் பொடி போட்டு, குடையால் (பொடியை அழுத்தும் காம்பு வைத்த தட்டு) லேசாக அழுத்தி, கொதி அடங்கின தண்ணீரை முக்கால் டம்ளர் ஊற்றினால் 15 முதல் 20 நிமிடத்தில் இறங்கும். அழுத்தம் கூடினாலும் பொடி மாவாக இருந்தாலும் இறங்காமல் அடைத்துக்கொள்ளும், தட்டத் தட்டக் கசடு இறங்கும். அழுத்தாமல் விட்டால் ஐந்தே நிமிடத்தில் சாயத்தண்ணீராக ஓடிவிடும். சிக்கரி விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்கவேண்டும். இந்திய விதிப்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதாவது 49 சதவீதம்வரை சிக்கரி போடச் சட்டமே இடம் தருகிறது. சிக்கரி நிறத்தையும் கெட்டியையும் ஒரு கசப்பையும் தரும், காப்பி மணம் தராது. மூக்குக்காகக் குடிக்கிறவர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து காப்பி 80, சிக்கரி 20 என்ற அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும். தர்மபுரிப் பக்கத்து வத்தல்மலையில் விளைகிற காப்பி கிடைத்தால் சிக்கரி இல்லாமல் ஒரு மாதம் பழகிப் பார்க்கலாம், முதல் வாரம் ‘தண்ணியா இருக்கு’ என்று தோன்றும்.

அளவு சின்ன டம்ளர், 100 முதல் 120 மில்லி. அதற்குமேல் குடிப்பது பழக்கத்துக்காகக் குடிப்பது.

களி: மெல்லாத சாப்பாட்டை எப்படி மெதுவாகச் சாப்பிடுவது

கவனத்தோடு சாப்பிடுவது பற்றிய பயிற்சிகளில் பிரபலமானது உலர்திராட்சைப் பயிற்சி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979-ல் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புத் திட்டத்தின் வழியாகப் பரவியது. ஒரே ஒரு திராட்சையைப் பார்த்து, தடவி, முகர்ந்து, மெதுவாக மென்று விழுங்கவேண்டும். அதை அப்படியே எடுத்து ‘ஒவ்வொரு கவளத்தையும் முப்பது தடவை மெல்லுங்கள்’ என்று நம்மூரில் எல்லோருக்கும் சொல்கிறார்கள். களியை முப்பது தடவை மென்று பாருங்கள். பல்லில் அப்பி, மேலண்ணத்தில் ஒட்டி, பசைபோல் ஆகிவிடும். களி மெல்லுகிற சாப்பாடு கிடையாது. அதன் சுகம் விரலிலும் தொண்டையிலும் இருக்கிறது.

அதனால் களியில் கவனத்தை வாயிலிருந்து கைக்கு மாற்றவேண்டும். உருண்டையில் நெல்லிக்காய் அளவு கிள்ளும்போது அது நூல் விடாமல் சுத்தமாகப் பிரிகிறதா, வெளிப்புறம் ஆறியும் உள்ளே சூடாகவும் இருக்கிற அந்த வித்தியாசம் விரல் நுனிக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி. அதில் கீரைக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ நிரம்பட்டும். நாக்கில் முதலில் படுவது குழம்பின் புளிப்பும் காரமும். பிறகு களி வழுக்கிக்கொண்டு இறங்கும். இறங்குகிற சூடு நெஞ்சுவரை தெரியும். ராகியின் மண்வாசனை விழுங்கிய பிறகு மூக்கில் வரும் மூச்சில்தான் கிடைக்கும், முன்னால் தேடினால் கிடைக்காது.

வலதுகை முழுக்கக் களியும் குழம்புமாக இருக்க, இடதுகை தட்டைப் பிடித்திருக்கும். செல்போனுக்கு இடமே இல்லை. முதல் அளவுகோலில் களி சுலபமாகத் தேறிவிடுகிறது. வருஷம் முழுக்கக் கிடைக்கும், விலையும் கட்டுப்படி. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதும் இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துத்தான்.

கிளறுவதில் தப்பினால் எல்லாம் போச்சு. ஒரு கைப்பிடி நொய்யை இரண்டரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, உப்புப் போட்டு, கொதியின் நடுவில் ஒரு டம்ளர் மாவைக் குவியலாகக் கொட்டவேண்டும். உடனே கிளறக் கூடாது. துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு ஓட்டை போட்டு, தீயைத் தணித்து, ஐந்து முதல் ஏழு நிமிடம் அப்படியே வேகவிடவேண்டும். பிறகு இறக்கிவைத்து, பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்து, மூச்சு வாங்கக் கிளறவேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே கிளறினால் மாவு கட்டிகட்டியாகச் சுருண்டு, உள்ளே பச்சை மாவு நிற்கும். தொட்டுக்கொள்ள எவ்வளவு நல்ல குழம்பு இருந்தாலும் அந்தப் பச்சை வாசனை கெடுத்துவிடும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உருட்டிய பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிடவேண்டும். ஆறினால் இறுகிவிடும். பிறகு அதை மறுநாள் மோரில் கரைத்துக் குடிப்பது வேறு சுகம்.

வயசானவர்களும் சின்னப் பிள்ளைகளும் பெரிய உருண்டையாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். அவர்களுக்குக் கொட்டைப்பாக்கு அளவு போதும், குழம்பு கூடுதலாக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ‘ராகிதானே’ என்று அளவில்லாமல் சாப்பிடுவதும் தப்பு. அதுவும் மாவுச்சத்துதான், ஒரு உருண்டை ஒரு உருண்டைதான்.

மாம்பழம்

மூக்கு, நாக்கு, கண், கை என நான்கையும் ஒரே நேரத்தில் இழுப்பதில் இதற்கு நிகர் இந்த ஜில்லாவில் இல்லை. குறை ஒன்றே ஒன்று, சீசன். ஏப்ரலில் செந்தூரா தலைகாட்டும், மே மாதத்தில் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும், பிறகு மல்கோவா, கடைசியில் ஜூலை வரை நீலம். ஆடி பிறந்தால் கடை காலி. கிருஷ்ணகிரியில் அதிகமாக விளைகிற பெங்களூரா பெரும்பாலும் கூழ் தொழிற்சாலைக்குப் போய்விடும். ஆனால் செங்காயாக இருக்கும்போது அதைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கடித்தால் கிடைக்கிற ‘நறுக்’ சத்தத்துக்கும் பல் கூச்சத்துக்கும் எந்த உயர்ந்த ரகமும் ஈடாகாது. கூழாக்கப் போனது போக மீதியை விடாதீர்கள்.

வாங்கும்போது நிறத்தை நம்பாமல் காம்புப் பக்கம் முகருங்கள். தோல் பளபளவென்று மஞ்சளாக இருந்து, காம்பில் மணமே இல்லை என்றால் அது காயாகப் பறித்து அவசரமாகப் பழுக்கவைத்ததாக இருக்கலாம். பழுக்கவைக்கக் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்த இந்தியாவில் தடை உண்டு. அதற்கு எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதித்திருக்கிறார்கள். காம்பில் வடிகிற பால் உதட்டில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும். வீட்டுக்கு வந்ததும் அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, கழுவி, காம்புப் பகுதியைக் கொஞ்சம் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுக்கவேண்டும். நாக்கில் இனிப்பை உணரும் பகுதிகள் குளிரில் மந்தமாக வேலை செய்யும், மணமும் அடங்கிக் கிடக்கும். ஜில்லென்று சாப்பிட்டால் நல்ல மல்கோவாவுக்கும் சுமாரானதுக்கும் வித்தியாசம் தெரியாது.

நார்ச் சதையும் சாறும் உள்ள பீத்தர் ரக மாம்பழத்தை வெட்டுவது பாவம். உள்ளங்கையில் உருட்டிப் பிசைந்து, முனையில் ஒரு கடி கடித்துச் சப்பவேண்டும். முழங்கைவரை வழியும், அது நல்லதுக்குத்தான். பிசுபிசுத்த கையால் செல்போனைத் தொட யாருக்கும் மனசு வராது. கெட்டிச் சதை உள்ளதற்குக் கத்தி. ஒரு வேளைக்கு அரைப் பழம் போதும். நாக்கு சலிப்பதைத் தள்ளிப்போட, ஒரே ரகத்தில் இரண்டு பழம் சாப்பிடுவதற்குப் பதில் இரண்டு ரகத்தில் நான்கு நான்கு துண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். செந்தூராவுக்குப் பிறகு அல்போன்சா வந்தால் இரண்டின் குணமும் துலங்கும். 100 கிராம் சதையில் சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவோடு நிற்கவேண்டும்.

நிப்பட்டு, காதுக்காக

தட்டையைத்தான் இந்தப் பக்கம் நிப்பட்டு என்கிறோம். அதன் பாதி ருசி சத்தத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் சத்தத்தில் கீச்சென்ற பகுதியைக் கூட்டிக் காதில் கேட்கவைத்தபோது, அதே சிப்ஸை இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாக இருப்பதாக மக்கள் சொன்னார்கள் என்று 2004-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். டி.வி. ஓடும்போது நிப்பட்டு தின்றால் அந்தப் பாதி வீணாகிறது. முதல் கடியை உதடு திறந்தபடி முன்பல்லால் கடித்தால் காற்றுவழியாக அந்தக் கீச்சு கேட்கும். வாயை மூடி மெல்லும்போது தாடை எலும்பு வழியாக அடங்கின சத்தம் வரும். வேர்க்கடலை வருமிடத்தில் சத்தம் மாறும்.

சிக்கல் என்னவென்றால் இது ஒற்றைக் கைப் பண்டம், அதோடு உப்பு, எண்ணெய். டப்பா மடியில் இருந்தால் கை தானாகப் போய்வரும், ஒன்பதாவது நிப்பட்டின்போதுதான் நினைவு வரும். இரண்டை எடுத்துத் தட்டில் வைத்து, டப்பாவை மூடி, மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு உட்காரவேண்டும். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் ஒரே நாளில் நமுத்துப்போகும். நமுத்ததில் ரசிக்க ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

குண்டுமல்லி

ஐந்தில் இரண்டு கைகளையும் முழுதாகக் கட்டிப்போடுவது இதுதான், வயிற்றோடு இதற்குப் பேச்சுவார்த்தையே இல்லை. காலையில் மார்க்கெட்டில் 100 கிராம் மொட்டு வாங்கி, ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றி வைத்துவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிவாக்கில் மொட்டு நெகிழத் தொடங்கும், மணமும் அப்போதுதான் ஏறும். அந்த நேரத்தில் கட்ட உட்கார்ந்தால், கட்டக் கட்ட வாசனை கூடுவது தெரியும். உணவில் இதற்கு நேர்மாறு, தொடக்கத்தில் உச்சம், போகப்போகச் சரிவு. இந்த ஒரு குணத்துக்காகவே பூவை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கலாம்.

கட்டுவதற்கு நாரை நனைத்துக்கொள்ளவேண்டும், காய்ந்த நார் அறுந்துவிடும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. ஒரு சுற்று, ஒரு சுருக்கு, மெதுவாக ஓர் இழுப்பு. இறுக்கினால் காம்பு அறுபடும், தளரவிட்டால் உருவிக்கொண்டு விழும். சரியான இழுப்பை விரல்தான் கண்டுபிடிக்கும், கண் பார்த்துப் பயனில்லை. மலர்ந்த பூவை வாங்கினால் கட்டும்போதே இதழ் உதிரும். நடுவில் வாசனை மங்கினால் எழுந்து வெளியே போய்விட்டு வாருங்கள், அல்லது நான்கு கண்ணிக்கு ஒருமுறை மரிக்கொழுந்து வைத்துக் கட்டுங்கள், மூக்கு விழித்துக்கொள்ளும். கனகாம்பரத்தில் நிறம்தான் உண்டு, மணம் கிடையாது. முகூர்த்த நாட்களில் மல்லி விலை எகிறும், அன்றைக்குச் சாமந்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆம்பிளை பூக்கட்டினால் குடி ஒன்றும் முழுகிவிடாது.

யாருக்கு எது

காலை ஷிப்டுக்கு ஓசூர் சிப்காட் பஸ்ஸைப் பிடிக்கிறவருக்குக் களியும் பூவும் நடக்காத காரியம். அவர் டபரா டம்ளர் காப்பியை எடுத்துக்கொள்ளட்டும், செல்போன் சார்ஜரில் அடுத்த அறையில் கிடக்கட்டும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்குக் காப்பி வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பூ. சளி, காய்ச்சலுக்குப் பிறகு மூக்கு சரியாக வேலை செய்யாதவர்கள் காப்பியோடும் மல்லியோடும் மல்லுக்கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கைக்கும் தொண்டைக்கும் தெரிகிற களியோ, காதுக்குத் தெரிகிற நிப்பட்டோ அவர்களுக்குச் சரிப்படும். சர்க்கரையும் அழுத்தமும் சேர்ந்தே இருப்பவருக்குப் பூவைவிடத் தோதானது இல்லை. மற்றபடி மத்தியானம் வீட்டில் சாப்பிட வாய்ப்புள்ள யாரும் களியில் தொடங்கலாம். சீசன் வந்ததும் மூன்று மாதம் மாம்பழத்துக்கு மாறிக்கொண்டு, ஆடியில் திரும்பக் களிக்கு வந்துவிடலாம். இப்படி மாறுவது பழக்கத்தைக் கெடுக்காது, சலிப்பைத்தான் குறைக்கும்.

தனியாக உட்கார்ந்துதான் செய்யவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரசிப்பைப் பற்றி வெகுகாலம் ஆய்வு செய்த சிகாகோ லயோலா பல்கலைக்கழக உளவியலாளர் ஃப்ரெட் பிரையன்ட், இன்பத்தை நீட்டிக்கும் வழிகளில் ஒன்றாகப் பிறரோடு பகிர்ந்துகொள்வதைச் சொல்கிறார். ‘இதைவிட நன்றாக இருந்திருக்கலாமே’ என்கிற நினைப்பைக் கெடுக்கிற வகையில் சேர்க்கிறார். எனவே கூட ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளலாம், முதல் மூன்று வாய்வரை இரண்டு பேரும் வாய் பேசாமல் இருக்க ஒத்துக்கொண்டால். அதற்குப் பிறகு குழம்பில் உப்பு குறைச்சல் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.